திருப்புளி வாங்கப் போறீங்களா? தீப்பெட்டியில நாலு ஸ்க்ரூ போட்டு எடுத்துட்டுப் போங்க

போன மாசம் டிரில்லிங் மெஷின் பத்தி எழுதினப்ப கடைசியில "ஸ்க்ரூ டிரைவர் பத்தி கேளுங்க, சொல்றேன்"னு ஒரு வரி போட்டு வச்சேன், அதுக்கு இவ்ளோ லெட்டர் வரும்னு நெனைக்கவே இல்ல. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வீட்டுக்கு வீடு நுனி மழுங்கின திருப்புளி ஒண்ணு இருக்கும் போல. இடம் பத்தாது, அதனால இந்த தடவை ஆறு பேருக்கு மட்டும்.

அண்ணா, வீட்டுக்குப் பின்னாடி மாட்டுக்கொட்டாய்ல பாதிய மடக்கி சின்னதா ஒர்க்‌ஷாப் போட்டிருக்கேன். ஆன்லைன்ல 31 பீஸ் ஸ்க்ரூ டிரைவர் செட் 299 ரூபாய்க்கு வருது. கடையில தனித்தனியா வாங்கினா நாலு பீசுக்கே அதுக்கு மேல ஆகுது. எத வாங்கட்டும்?
*வாசகர், பாலக்கோடு*

தம்பி, அந்த 31ஐ ஒரு தடவை எண்ணிப் பாருங்க, பிடி ஒண்ணு, மீதி 30ம் பிட்டு, அதாவது அந்தப் பிடியில மாத்தி மாத்தி சொருகுற நுனி, அந்த முப்பதுல நீங்க வருஷம் பூரா தொடப்போறது மூணு நாலுதான். இதே மாதிரி ஒரு செட்டு நானும் வாங்கினவன்தான், பஸ் ஸ்டாண்டு பக்கம் பிளாட்பாரத்துல, பெரிய பொட்டி, உள்ள வெல்வெட்டு துணி எல்லாம் போட்டு நகைக்கடை மாதிரி இருந்துச்சு. வீட்டுக்கு வந்து கதவு கீல்ல மொத ஸ்க்ரூவ டைட் வச்சேன், ஸ்டார் நுனி அப்படியே முறுக்கு சுத்தின மாதிரி திரும்பிக்கிச்சு, ஸ்க்ரூ இருந்த எடத்துலயே இருக்கு. பொட்டி இன்னும் இருக்கு, ஊசி நூல் போட்டு வச்சிருக்காங்க.

அதனால செட்டு வேணாம். மொதல்ல நாலே நாலு வாங்குங்க. ஸ்டார்ல, அதாவது கூட்டல் குறி நுனியில, பிஎச்2 ஒண்ணு, பிஎச்1 ஒண்ணு, பிஎச்சுக்குப் பின்னாடி வர்ற நம்பர்தான் நுனியோட அளவு, நம்பர் ஏற ஏற நுனி பெருசு. பிளாட்ல 3 மில்லி ஒண்ணு, 6 மில்லி ஒண்ணு. கீல், தாழ்ப்பாள், கிளாம்பு இதுக்கெல்லாம் முக்காவாசி பிஎச்2 போதும். பிளக் டாப், சின்ன ஐட்டத்துக்கு பிஎச்1. ஹோல்டர், பிளக்குல ஒயர் மாட்டுற டெர்மினலுக்கு 3 மில்லி பிளாட். வேலை கூடக் கூட பிஎச்0, 8 மில்லி பிளாட்டுன்னு ஒவ்வொண்ணா சேத்துக்கலாம், அவசரம் ஒண்ணும் இல்ல.

இப்ப முக்கியமான விஷயம். கடைக்குப் போறதுக்கு முன்னாடி வீட்டுல இருக்குற ஸ்க்ரூல நாலு விதம் எடுத்து ஒரு தீப்பெட்டியில போட்டுக்குங்க. கடையில திருப்புளிய கையில வாங்கி, ஸ்க்ரூவ அந்த நுனியில சொருகி, படுக்க வாக்குல புடிச்சுப் பாருங்க. காந்தம் இல்லாத நுனியா இருந்தாலும் அளவு சரியா உக்காந்துச்சுன்னா ஸ்க்ரூ பொசுக்குன்னு கீழ விழாது, ஒரு நிமிஷமாவது ஒட்டிக்கிட்டு நிக்கும். ரெண்டு விரல்ல புடிச்சு ஆட்டிப் பாருங்க, லொடலொடன்னு ஆடுச்சுன்னா வச்சுட்டு வந்துருங்க, அது எந்த கம்பெனியா இருந்தாலும் சரி. காந்த நுனி இதுல ஏமாத்தும், அளவு சேராத ஸ்க்ரூவக் கூட இழுத்துப் புடிச்சுக்கும், அதனால காந்தம் இருந்தா ஆட்டிப் பாக்குறத மட்டும் நம்புங்க.

பிளாட்டுக்கு வேற கணக்கு, நுனியோட அகலம் ஸ்க்ரூ மண்டையில இருக்குற வெட்டோட நீளத்துக்கு சமமா இருக்கணும், தடிமன் அந்த வெட்ட அடைச்சுக்கணும். ஆப்பு மாதிரி சரிஞ்சு வர்ற நுனி திருப்பத் திருப்ப மேல எழும்பும், கடைசி கொஞ்ச தூரம் ரெண்டு பக்கமும் நேரா இறங்குற நுனிதான் நல்லது.

குரோம் வெனேடியம்னு, அதாவது கெட்டியான எஃகுக் கலவைன்னு, கம்பியில அச்சடிச்சிருக்கான்னு எல்லாரும் பாக்குறாங்க. பாருங்க, தப்பில்ல, ஆனா அச்சடிக்க எவ்ளோ செலவு ஆகும், பிளாட்பாரத்துக்காரன் செட்டுலயும் அதே எழுத்துதான் இருந்துச்சு. நுனியப் பாருங்க. ஸ்டார்ல நாலு இறக்கையும் ஒரே தடிமனா, ஓரம் கூர்மையா இருக்கணும், மேல பளபளன்னு முலாம் தடியா ஏறி ஓரமெல்லாம் உருண்டு கெடந்தா வேணாம். நுனி மட்டும் கருப்பா விட்டிருப்பாங்க பாருங்க, அது அழகுக்கு இல்ல, முலாம் ஏறினா அளவு மாறிடும்னுதான் அப்படி விடுறாங்க. வீட்டுக்கு வந்தப்புறம் ஒரு ஓரத்துல அரத்த லேசா இழுத்துப் பாக்கலாம், வழுக்கிக்கிட்டு போச்சுன்னா நல்லா கெட்டிப்படுத்தின இரும்பு, பிசிறு உதிர்ந்துச்சுன்னா கடைக்காரரப் பாத்து திட்டிட்டு வாங்க.

பிடி விஷயத்துல ஒரு தப்பு நெனப்பு நம்ம ஆளுங்க எல்லார்கிட்டயும் இருக்கு, நீளமான திருப்புளின்னா பவர் ஜாஸ்தின்னு. இல்லீங்க. ஸ்பானர்ல நீளம் பேசும், திருப்புளியில பிடியோட தடிமன்தான் பேசும். கம்பி நீளமா இருந்தா எட்டாத எடத்துக்கு எட்டும், கோணாம நேரா புடிக்க வசதியா இருக்கும், அவ்ளோதான். அதனால உள்ளங்கை நிறையுற மாதிரி பிடியா பாத்து வாங்குங்க, சித்திரை வெயில்ல கை வேர்த்தாலும் வழுக்காம இருக்கணும். பிடிக்கு கீழ கம்பியில ஆறு பட்டை வச்ச மாடல் கெடைச்சா ரொம்ப நல்லது, அடம் புடிக்கிற ஸ்க்ரூவுக்கு அதுல ஸ்பானர் போட்டு திருப்பலாம்.

கம்பெனி பேரு கேப்பீங்க. நாசிக்கோட தபாரியா நம்ம ஹார்டுவேர் கடை எல்லாத்துலயும் கெடைக்குது, வீட்டு வேலைக்கு அது தாராளம். ஸ்டான்லியும் பரவால்ல. ஜெர்மனி வேரா, வீஹா, ஸ்விஸ் பிபி எல்லாம் பிரமாதம்தான், ஆனா ஒரு பீசு விலையில உங்க மாட்டுக்கு ஒரு வாரத் தீவனம் வந்துரும்.

சார், மாடுலர் கிச்சன் கீல்ல இருக்குற ஸ்க்ரூ ஸ்டார் மாதிரிதான் தெரியுது, ஆனா வீட்டு ஸ்டார் டிரைவர் வழுக்கிக்கிட்டே இருக்கு. கார்பென்டர் "அது வேற ஸ்டார்"னு சொல்லிட்டு போய்ட்டாரு. நெஜமாவா?
*வாசகர், ஓசூர்*

கார்பென்டர் சொன்னது நெஜம்தான். நாம ஸ்டார்னு சொல்றது பிலிப்ஸ். அமெரிக்காவுல போர்ட்லாந்துக்காரர் ஹென்றி பிலிப்ஸ் 1936ல பேடன்ட் வாங்கினது, கார் ஃபேக்டரி லைன்ல டிரைவர் தானா நடுவுல போய் உக்காரணும்னு வந்த டிசைன், மொதல்ல காடிலாக் கார்ல போட்டாங்க. அதுல குழியோட சுவரு சரிவா இருக்கும், அழுத்தம் கொறைஞ்சா நுனி மேல ஏறிக்கும். அதுக்கு மாத்தா 1960கள்ல இங்கிலாந்துல வந்தது போசிடிரைவ், குழி சுவரு நேரா இறங்கும்.

டார்ச் அடிச்சு மண்டையப் பாருங்க, பெரிய கூட்டல் குறிக்கு நடுவுல மூலைக்கு மூலை மெல்லிசா நாலு கோடு தெரிஞ்சா போசிடிரைவ். அதுக்கு பிசெட்2ன்னு, அதாவது போசிடிரைவ்ல ரெண்டாம் நம்பர்னு, கேட்டு ஒண்ணு வாங்கிருங்க. பிஎச்2வ வச்சே ஓட்டலாம்னு பாக்காதீங்க, நாலு தடவை கதவு லெவல் பண்ணினாலே குழி உருண்டையாயிடும், அப்புறம் அந்த கீலயே கழட்ட வராது.

அண்ணா, எங்கிட்ட யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் இருக்கு. இன்ஜின் சைடு கவர் ஸ்க்ரூ ரெண்டு மண்டை வழுக்கிடுச்சு. நல்ல டிரைவர்தான் போட்டேன். ஏன் இப்படி ஆவுது?
*வாசகர், அரூர்*

நீங்க போட்டது நல்ல பிலிப்ஸா இருக்கும், ஆனா அந்த டிசைன் ஜப்பான்காரனோடது. அவங்களுக்கு ஜேஐஎஸ்னு தனி அளவு, பாக்க அதே கூட்டல் குறிதான், குழியோட மூலையும் அடியும் கொஞ்சம் வித்தியாசம், பிலிப்ஸ் நுனி அடி வரைக்கும் போய் உக்காராம பாதியிலயே நிக்கும். நல்லா டைட்டா இருக்குற ஸ்க்ரூல அது போதும் மண்டைய சிதைக்க. நானும் இதே வண்டியில மூணு ஸ்க்ரூவ கெடுத்துட்டு, ஸ்க்ரூ மட்டம்னு மெக்கானிக்கிட்ட சண்டை போட்டேன், அவரு பாவம் சிரிச்சிக்கிட்டே நின்னாரு. நெறைய ஜேஐஎஸ் ஸ்க்ரூ மண்டையில ஒரு சின்ன புள்ளி இருக்கும், அத வச்சு கண்டுபுடிக்கலாம். ஜப்பான் வெஸ்ஸல் மாதிரி கம்பெனி டிரைவர் ஆன்லைன்ல கெடைக்குது.

இப்ப வழுக்கின ரெண்டுக்கு வழி சொல்றேன். ராத்திரியே துருவ இளக்குற எண்ணெய் விட்டுருங்க. காலைல சுத்தியல்ல தட்டினா தானா திரும்புற இம்பாக்ட் டிரைவர் வாங்கி, கழட்டுற பக்கம் செட் பண்ணி, மண்டையில அழுத்தி வச்சு ஓங்கி ஒரு போடு. பயந்து பயந்து பத்து தடவை தட்டினா ஒண்ணும் ஆகாது. நுனியில கொஞ்சம் வால்வு கிரைண்டிங் பேஸ்ட், அதாவது நரநரன்னு இருக்குற தேய்ப்புப் பசை, தடவிக்கிட்டா புடிமானம் ஏறும். கழண்டதும் பழசத் தூக்கிப் போட்டுட்டு, மண்டையில ஆறு பட்டை குழி இருக்குற ஆலன் போல்ட்டு மாத்திருங்க.

எங்க வூட்டுக்காரரு போர் மோட்டார் ஸ்டார்ட்டர் பொட்டிய டெஸ்டர வச்சே கழட்டி மாட்டுறாரு. பிடி பிளாஸ்டிக்குதானே ஷாக் அடிக்காதுன்னு சொல்றாரு. நீங்களே சொல்லுங்க.
*வாசகி, பென்னாகரம்*

அம்மா, இத அவருகிட்ட சத்தமா படிச்சுக் காட்டுங்க. டெஸ்டர் கரண்ட் இருக்கான்னு பாக்குற சாமான், முறுக்குறதுக்கு இல்ல. அதுக்குள்ள ஒரு சின்ன நியான் பல்பும் ஒரு ரெசிஸ்டரும் இருக்கு, அந்த ரெசிஸ்டர் கரண்ட துளியா கொறைச்சு உங்க உடம்பு வழியா விடுறதாலதான் லைட்டு எரியுது. முறுக்கி முறுக்கி பிடி கீறல் விட்டு, ஈரக் கையோட சேத்துல நின்னு தொட்டா என்ன ஆகும்னு நான் சொல்லத் தேவையில்ல. த்ரீ ஃபேஸ்ல ரெண்டு ஃபேசுக்கு நடுவுல 400 வோல்ட்டுக்கு மேல நிக்குது.

சாதா பிளாஸ்டிக் பிடியும் காப்பு கெடையாது. கரண்டு வேலைக்குன்னு வர்ற திருப்புளியில 1000 வோல்ட்டுன்னும், ஐஇசி 60900ங்கிற சர்வதேச தர நம்பரும், ரெட்டை முக்கோணக் குறியும் போட்டிருக்கும், நுனி மட்டும் விட்டுட்டு கம்பி பூரா உறை வந்திருக்கும். அத 10,000 வோல்ட்டுல டெஸ்ட் பண்ணித்தான் அனுப்புறாங்க. உறையில வெட்டு விழுந்தா டேப்பு சுத்தாம தூக்கிப் போட்டுறணும். அது இருந்தாலும் மெயின ஆஃப் பண்ணி, ஃபியூஸ் கேரியர கழட்டி சட்டைப்பையில போட்டுக்கிட்டுதான் கை வைக்கணும், இல்லன்னா வேற யாராவது தண்ணி வரலன்னு வந்து மெயின போட்டுருவாங்க. டெஸ்டர மொதல்ல கரண்டு இருக்குற எடத்துல வச்சு எரியுதான்னு பாத்துட்டு அப்புறம் இங்க வைக்கச் சொல்லுங்க, பல்பு போன டெஸ்டர் எங்க வச்சாலும் எரியாது. கெப்பாசிட்டர் இருக்குற பொட்டின்னா ஆஃப் பண்ணினப்புறமும் அதுல சார்ஜ் நிக்கும், அதையும் சொல்லி வைங்க.

எங்கப்பாவோட பழைய டூல்ஸ் பொட்டிய ரொம்ப வருஷம் கழிச்சு திறந்தேன் அண்ணா, வாந்தி எடுத்த மாதிரி ஒரு நாத்தம். எலி செத்திருக்கும்னு தேடினா ஒண்ணும் இல்ல. கண்ணாடி மாதிரி பிடி வச்ச திருப்புளி மேல வெள்ளையா பூத்திருக்கு. தூக்கிப் போட்டுறவா?
*வாசகி, காவேரிப்பட்டணம்*

போட்டுறாதீங்க தங்கச்சி! நாத்தம் அந்த பிடியிலிருந்துதான் வருது. அந்தக் காலத்து கண்ணாடிப் பிடி நெறைய செல்லுலோஸ் அசிடேட் பியூட்டிரேட்னு ஒரு பிளாஸ்டிக்ல செஞ்சது, வயசாக ஆக அதுலருந்து பியூட்டிரிக் ஆசிட் வெளிய வரும், கெட்டுப்போன வெண்ணெய்லயும் வாந்தியிலயும் வர்றது அதே ஆசிட்தான். சோப்புத் தண்ணியில பிரஷ் போட்டு தேச்சு, நல்லா தொடச்சு, நெழல்ல காத்தாட காய வைங்க. மூடின பொட்டியில அடைச்சா திரும்ப நாறும், அதனால செவுத்துல ஆணி அடிச்சு தொங்க விடுங்க. கம்பியில துரு இருந்தா மண்ணெண்ணெய், உப்புத்தாள். அப்பா கை பட்டுப் பட்டு பிடியில ஒரு எடம் வழவழன்னு ஆயிருக்கும் பாருங்க, அங்க உப்புத்தாள் போடாதீங்க.

பெயிண்ட் டப்பா திறந்து திறந்து பிளாட் நுனி மழுங்கிடுச்சு. கிரைண்டர்ல தீட்டலாமா?
*வாசகர், ஊத்தங்கரை*

பிளாட்ட தீட்டலாம், ஸ்டார தீட்ட முடியாது. ரெண்டு செகண்டு வச்சா ஒரு தடவை தண்ணியில முக்குங்க, நீலம் பாஞ்சிடுச்சுன்னா இரும்போட டெம்பர், அதாவது கெட்டித்தன்மை, போச்சுன்னு அர்த்தம், அப்புறம் அது நெஜமாவே பெயிண்ட் டப்பாவுக்குத்தான் ஆகும்.