ஐந்து வயது மகனுக்கு இன்சுலின் பம்ப் வாங்கலாமா, ஊசியே போதுமா?

உங்கள் மகனுக்கு டைப் 1 நீரிழிவு கண்டறியப்பட்டுச் சில மாதங்களே ஆகின்றன என்றும், மருத்துவர் பம்ப் (தோலுக்குள் பொருத்திய மெல்லிய குழல் வழியாக இன்சுலினை நாள் முழுவதும் செலுத்தும் சிறு கருவி) பற்றிச் சொன்னதிலிருந்து வீட்டில் ஆளுக்கொரு கருத்து நிலவுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் மகளுக்கு நான்கு வயதில் இந்நோய் வந்தது; முதலில் ஊசி, பின்னர் பம்ப் என்று இரண்டையும் பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்லேன். மருந்தின் அளவுகளை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

சின்னக் குழந்தைகளுக்குப் பம்ப் உண்மையாகவே உதவுகிறது என்பது என் கருத்து. நடுத்தர அளவு இட்லி ஒன்றில் ஏறத்தாழ 10 முதல் 15 கிராம் மாவுச்சத்து இருக்கும். என் மகளுக்கு அப்போது 30 கிராம் மாவுச்சத்துக்கு ஒரு யூனிட் இன்சுலின் என்று மருத்துவர் கணக்குச் சொல்லியிருந்தார். அதாவது ஓர் இட்லிக்கு அரை யூனிட்டுக்கு மேல் தேவையில்லை, பல நேரம் அதைவிடக் குறைவே போதும். நாங்கள் வைத்திருந்த இன்சுலின் பேனாவிலோ (பேனா வடிவ ஊசி) அரை யூனிட்டுக்குக் குறைவாகப் போடவே வழியில்லை. இரண்டு இட்லி வேண்டும் என்று கேட்டு, ஊசி போட்ட பிறகு ஒன்றோடு எழுந்துவிடுவாள். உள்ளே போன மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது என்பதால், சர்க்கரை இறங்கிவிடுமோ என்ற அச்சத்தில் கெஞ்சியும் அதட்டியும் ஊட்டிய காலைகள் பல. பம்பில் 0.05 யூனிட் அளவுக்கு நுணுக்கமாகக் கொடுக்கலாம். ஓர் இட்லிக்கு முதலில் கொடுத்துவிட்டு, மேலும் சாப்பிட்டால் மீண்டும் குத்தாமலே மிச்சத்தைக் கொடுக்கலாம். எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்துச் சண்டை நின்றதற்கு இதுவே காரணம்.

ஆனால் பம்ப் வந்தால் வேலை குறையும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பம்பில் ஓடுவது விரைந்து செயல்படும் இன்சுலின் மட்டுமே. நாள் முழுவதும் நின்று வேலை செய்யும் மருந்து உடலில் இருப்பில் இல்லை. ஆகவே குழாய் அடைத்துக்கொண்டால் சில மணி நேரத்திலேயே கீட்டோன் (இன்சுலின் இல்லாதபோது இரத்தத்தில் சேரும் ஆபத்தான அமிலப் பொருள்) ஏறத் தொடங்கிவிடும். உறவினர் திருமணத்துக்குச் சென்றிருந்தபோது இரவில் மகளின் சர்க்கரை 300ஐத் தாண்டியது. பம்ப் வழியாகக் கூடுதல் மருந்து கொடுத்துக் காத்திருந்தும் இறங்கவில்லை. திரையிலோ எந்த எச்சரிக்கையும் இல்லை. வயிற்றில் ஒட்டியிருந்ததைப் பிரித்துப் பார்த்தால், தோலுக்குள் இருக்க வேண்டிய மெல்லிய பிளாஸ்டிக் குழல் பாதியில் மடங்கி, ஒட்டுத்துணி மருந்தில் நனைந்து கிடந்தது. பையிலிருந்த பேனாவால் ஊசி போட்டுவிட்டு, புதுக் குழலைப் பொருத்தினோம். முன்பே ஊசிமுறையில் எங்கள் கை தேறியிருந்ததால்தான் அன்றிரவு பதற்றமின்றிச் செயல்பட முடிந்தது. எனவே முதலில் ஊசியை நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். பம்ப் நின்றால் ஊசி போடுவதற்கான மாற்று ஏற்பாட்டில் ஒன்றைக் கவனியுங்கள்: நம் ஊர் மருந்துக்கடைகளில், ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் உள்ள மருந்துக்கான சிவப்பு மூடி சிரிஞ்சும் 100 யூனிட் உள்ள மருந்துக்கான ஆரஞ்சு மூடி சிரிஞ்சும் விற்கப்படுகின்றன. பம்பில் ஊற்றுவது 100 யூனிட் மருந்து. அதைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும்.

பம்பின் விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை குழல் மாற்ற வேண்டும். அந்தச் செலவு மாதந்தோறும் வரும். குழல்களை ஒரு மாதம் வாங்க முடியாமல் போகலாம் என்ற நிலை இருந்தால், அந்தப் பணத்தில் சர்க்கரையைத் தொடர்ந்து காட்டும் சென்சாரையும் அரை யூனிட் பேனாவையும் வைத்துக்கொள்வதே மேல். ஊசி போடுவதால் நீங்கள் குறைந்த பெற்றோர் ஆகிவிட மாட்டீர்கள். புதிதாக நோய் கண்ட குழந்தைகளை இரு பிரிவாக்கி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடத்தி, 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டு முடிவில் பம்ப் பிரிவின் சர்க்கரைக் கட்டுப்பாடு ஊசிப் பிரிவைவிடச் சிறப்பாக அமையவில்லை. சென்சாரோடு இணைந்து தானாகவே அளவை மாற்றும் இன்றைய பம்புகள் அந்த ஆய்வில் இடம்பெறவில்லை என்று சிலர் வாதிடலாம், அது நியாயமே. ஆனால் அவற்றுக்கு சென்சார் செலவும் சேரும்.

நாங்கள் பம்புக்கு மாறியதன் உடனடிக் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். மகளின் பள்ளியில் ஊசி போட ஒருவரும் முன்வரவில்லை. மதியம் நானே வந்து போட்டுவிட்டுப் போகிறேன் என்றதற்கும், மற்றக் குழந்தைகள் பயப்படுவார்கள் என்று தயங்கினார்கள். பள்ளியில் சர்க்கரை பார்க்கவும் இன்சுலின் போடவும் அனுமதிக்க வேண்டும் என்று தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் மாநிலங்களுக்கு எழுதியிருப்பதை எடுத்துக்காட்டியும் பயனில்லை. சாப்பாட்டு டப்பாவில் நான் எழுதி வைக்கும் கிராம் கணக்கைப் பார்த்துப் பம்பின் பொத்தானை அழுத்த மட்டும் ஓர் ஆசிரியை மனமுவந்து ஒப்புக்கொண்டார்; அவருக்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் பம்ப் வாங்க வசதியில்லாத தாய், வேலையை விட்டுவிட்டுப் பள்ளி வாசலில் காத்திருக்க வேண்டுமா என்ற கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை. பணம் கட்டுவதற்கு முன் உங்கள் மகனின் பள்ளியில் பேசிவிடுங்கள். ஊசிக்கு அவர்கள் மனதார உதவுவார்கள் என்றால் நீங்கள் அவசரப்படத் தேவையே இல்லை.

பிறகும் பம்ப்தான் என்று தோன்றினால், சில நாட்களுக்கு மருந்துக்குப் பதில் சலைன் நிரப்பி அணிவித்துப் பார்க்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அந்த நாட்களில் ஊசி வழக்கம்போல் தொடரும். பையன் அதைப் பிடுங்கி எறிகிறானா, ஒட்டிய இடம் வியர்வையில் அரிக்கிறதா, தூக்கத்தில் குழாய் சிக்குகிறதா என்பது வாங்குவதற்கு முன்பே தெரிந்துவிடும்.