பாக்குல பேனா கடைஞ்சா வெடிக்குதே, என்ன பண்றது?

கேள்வி: அக்கா, நான் பர்மாவுல மோல்மீன்ல ஒரு நாற்காலிப் பட்டறையில வேலை பாக்கறேன், ராத்திரியில சின்ன கடைசல் மெஷின்ல இங்க் பேனா கடையறேன். போன ஆகஸ்ட்ல சந்தைப் பாக்கை வட்டவட்டமா அறுத்து பித்தளைக் குழாய் மேல அடுக்கி ஒட்டி அப்பாவுக்கு ஒண்ணு செஞ்சு குடுத்தேன், மார்ச்ல மூணு எடத்துல வெடிச்சிருச்சு. மூங்கில்ல ஒண்ணு செஞ்சு உள்ள நேரா இங்க் ஊத்தினேன், வெளிய கசியுது, மூடி மரையும் உதிருது. தேக்கு போதாதான்னு மாமா சிரிக்கறார். உள்ள வேற குழாய் வைன்னு ஒருத்தர் சொல்றார், அப்படி வச்சுட்டு மூங்கில் பேனான்னு விக்கறது ஏமாத்து வேலை இல்லையா?

பதில்: தம்பி, கடிதத்தோட வந்த போட்டோவைப் பாத்தேன், அந்தப் பாக்கு வட்டத்துல வெள்ளையும் காப்பிக்கலரும் கலந்து ஓடற கோடு இருக்கே, எந்த ஃபேக்டரி பிளாஸ்டிக்லயும் அது வராது, அதனால பாக்கை விட்டுராதீங்க. கடைசல் நல்லாத்தான் இருக்கு, ஆகஸ்ட்ல செஞ்சதுதான் தப்பாப் போச்சு. உங்க ஊர்ல வருஷத்துக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல மழை கொட்டுது, அதுல முக்காவாசி ஜூன்ல இருந்து செப்டம்பருக்குள்ள, அந்த ஈரத்துல பாக்கு வெளிய காஞ்ச மாதிரி இருந்தாலும் உள்ள தண்ணி குடிச்சுட்டு உப்பி இருக்கும், பித்தளை சுருங்காது, பாக்கு மார்ச் வெயில்ல சுருங்கும், ஒட்டு ரெண்டையும் பிடிச்சு வச்சிருக்கு, அப்போ எங்கயாச்சும் பொளந்துதானே ஆகணும்?

பாக்கு நல்லா காய வெயில்லயே ஒரு ஒன்றரை மாசம் ஆகும். அதுக்கப்புறமும் கையில எடுத்துப் பாத்து முடிவு பண்ணாதீங்க. நகைக்கடைத் தராசு மாதிரி சின்னத் தராசு ஒண்ணு வாங்குங்க, அறுத்த வட்டத்தையெல்லாம் ஒரு டப்பாவுல போட்டு வாரம் ஒருதரம் எடை போட்டு டப்பா மேலயே பென்சில்ல எழுதுங்க, தொடர்ந்து மூணு வாரம் எடை மாறலைன்னா கடையலாம். எங்கப்பா ரங்கூன்ல பட்டறை வச்சிருந்தப்போ எல்லாக் கட்டையிலயும் இப்படித்தான் தேதியும் எடையும் எழுதி வைப்பார், எனக்கு அப்போ அது கிறுக்குத்தனமாப் பட்டுச்சு.

வெளிநாட்டுல இப்படிப்பட்ட கட்டைக்கு ரெசின், அதாவது சூட்டுல இறுகற பிசின், ஏத்தறாங்க. முதல்ல ஓவன்ல வச்சு ஈரத்தை சுத்தமா எடுத்துட்டு, வேக்குவம் டப்பாவுல ரெசினுக்குள்ள முக்கி, நார்ல இருக்கற காத்தையெல்லாம் குமிழி குமிழியா உறிஞ்சி எடுப்பாங்க, காத்து போன எடத்துல ரெசின் ஏறும், அப்புறம் 90 டிகிரிக்கு மேல சூட்டுல இறுக்குவாங்க. நல்ல முறைதான், ஆனா பாதியில கரண்டு போனா அரைவேக்காடாத்தான் நிக்கும், நம்ம கரண்டு பத்தி உங்களுக்கு நான் சொல்லணுமா? அதோட அம்மா சமைக்கற ஓவன்ல ரெசினை வச்சுராதீங்க, அந்தப் புகை சாப்பாட்டுக்கு ஆகாது.

மூங்கிலுக்கு இது எதுவுமே வேணாம்னு நான் சொல்வேன், நம்ம நாட்டுலயே மருந்து இருக்கு, தித்சி. பகான்ல மூங்கில் பத்தையைச் சுத்தி கிண்ணம் பண்ணி மேல பூசறாங்களே, அந்த மரத்துப் பால்தான். அது வெயில்ல காயாது, ஈரக் காத்துல இருந்தாத்தான் இறுகும், அதுக்காகவே அங்க நிலவறைக்குள்ள வச்சு, ஒரு பூச்சுக்கு ஒரு வாரம்னு பொறுமையா காத்திருப்பாங்க. உங்க பாக்கைக் கெடுத்த அதே மோல்மீன் மழை இதுக்கு வாட்டம்! ஜப்பான்காரங்களும் 1920கள்ல இருந்து இதே குடும்பத்து மரப்பாலை பேனா மேல பூசறாங்க. ஆனா ஈரத் தித்சி தோல்ல பட்டா கடுமையா அரிக்கும், சில பேருக்கு மூஞ்சியே வீங்கும், நான் ஒருதரம் கையுறை இல்லாம தொட்டுட்டு பத்து நாள் சோத்தைப் பிசைய முடியாம ஸ்பூன்ல சாப்பிட்டேன். ரெண்டு ஜோடி கையுறை போடுங்க. மூங்கிலை முன்னாடியே ரெண்டு மூணு வாரம் தண்ணியில ஊறப்போட்டு காய வச்சுக்கங்க, அதுல இருக்கற மாவுச்சத்துக்குத்தான் வண்டு வரும், அது போயிட்டா உளுக்காது.

சரி, இங்க் கசியற விஷயம். மூங்கில்ல நார் எல்லாம் நீளவாக்குல ஓடுது, செடி இருந்தப்போ தண்ணி ஏறின வழி, இப்போ அதே வழியில உங்க இங்க் ஏறுது. மரை உதிர்றதும் அதனாலதான், மரைங்கறது குறுக்கால வெட்டறது, குறுக்கால வெட்டின நாருக்குப் பிடிமானமே கிடையாது. அதனால எந்தச் செடியா இருந்தாலும் இங்க் தொடற எடத்துலயும் மரை போடற எடத்துலயும் அதை விடாதீங்க. கழுத்தும், மூடிக்கு உள்ள மரை வர்ற வளையமும், பீப்பாய்க்கு உள்ள ஒரு மெல்லிசு குழாயும் எபோனைட்ல கடையுங்க, நேரா ஊத்தறதை விட்டுட்டு கன்வர்ட்டர் போடுங்க, இங்க்கை உறிஞ்சி வச்சுக்கற சின்னத் தனிக் குழாய். நேரா ஊத்தற பேனாவுல இங்க் கொறையக் கொறைய உள்ள காத்து கூடும், கைச்சூட்டுல அது விரிஞ்சு சட்டைப் பாக்கெட்டுல கக்கும், அது தனித் தொல்லை.

இப்போ உங்க ஏமாத்து கேள்விக்கு வர்றேன், கடிதத்துலயே எனக்குப் பிடிச்சது அதுதான். எபோனைட்னா என்னன்னு நெனச்சீங்க? ரப்பர்ல கந்தகத்தை நிறைய கலந்து வேக வச்சு கல்லு மாதிரி ஆக்கினது, நெல்சன் குட்இயர் 1851ல அதுக்குப் பேட்டண்ட் வாங்கினார். கடையறப்போ கந்தக நெடி அடிக்கும், வெயில்ல வச்சா கறுப்பு மங்கி பழுப்பாகும், ஆனா இங்க்குக்கு அசையாது. ராஜமுந்திரி ரத்னம் பேனா 1930கள்ல இருந்து இதுலதான் வருது, நம்ம திருவள்ளூர்ப் பக்கமும் இன்னிக்கும் கையால கடையறாங்க. உங்க மோன் மாநிலத்துல ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் கிண்ணம் கட்டின ரப்பர் மரம் நிக்குதே, அதுவும் செடிதானே தம்பி? மூங்கிலுக்கு உள்ள ரப்பரை வச்சா அது எப்படி ஏமாத்து ஆகும். வாங்கறவர் கிட்ட ‘வெளிய மூங்கில், உள்ள எபோனைட்’னு ஒரு சீட்டுல எழுதிக் குடுத்துருங்க. சொல்லாம வித்தா மட்டும் எனக்குக் கோவம் வரும்.

மாமா சொல்ற தேக்கும் கெட்டதில்லை, ஆனா எண்ணெய் மரம், ஒட்டறதுக்கு முன்னாடி அசிட்டோன்ல துடைக்கலைன்னா சூப்பர் க்ளூ பிடிக்காது. தேக்குப் பேனா ஊரெல்லாம் கெடைக்கும், நீங்க வேற பாருங்க. மூஞ்சிக்குப் பூச தனகாவைத் தேய்ச்சு பட்டை போனதும் மிஞ்சற கட்டை வீட்டுல கெடக்குமே, அதை ஒண்ணு கடைஞ்சு பாருங்க. பனை கெடைச்சா வெளி வைரத்தை மட்டும் எடுங்க, உள்ள இருக்கற சோறு உளி பட்டதும் பிச்சுக்கிட்டு வரும், வைரத்துலயும் கறுப்பு நாரு நிமிர்ந்து நிக்கும், அதனால தண்ணி மாதிரி இருக்கற சூப்பர் க்ளூவை ஊற விட்டுட்டு உளியை நல்லா தீட்டிட்டு கொஞ்சம் கொஞ்சமா கடையுங்க. முகமூடி இல்லாம எதையும் கடையக்கூடாது. பிலூஜூன் தீவுல புகைக்கற பைப்பும் கைத்தடியும் கடையற கிராமம் இருக்கு, 2017ல பாலம் வந்ததுல இருந்து உங்களுக்குப் பக்கம்தான், ஒரு ஞாயித்துக்கிழமை போய் அவங்க உளி பிடிக்கறதை நின்னு பாருங்க, நான் எழுதறதை விட அது உபயோகம்.

அப்பா பேனாவைத் தூக்கிப் போட்டுராதீங்க. நிப்பையும் நாக்கையும் கழட்டித் தனியா எடுத்து வச்சுட்டு, மிச்சத்தை மூடி போட்ட கண்ணாடி பாட்டில்ல அசிட்டோனுக்குள்ள ஒரு ராத்திரி போடுங்க, அடுப்பு பக்கம் மட்டும் வேணாம், ஒட்டினது சூப்பர் க்ளூன்னா காலையில இளகி பாக்கு தனியா பித்தளை தனியா வந்துரும். அந்தக் குழாய்லயே காஞ்ச பாக்கை அடுக்கி அப்பாவுக்கு மறுபடி செஞ்சு குடுங்க, ஏப்ரல்ல.