கிராஸ்பியின் நகலா கொலம்போ?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மைக்ரோபோனில் மென்மையாகப் பாடிய அமெரிக்கக் குரூனர்களைப் பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தபின், 1931-இல் பதிவான பிங் கிராஸ்பியின் பாடல்களையும் ரஸ் கொலம்போவின் பாடல்களையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். கொலம்போ கிராஸ்பியின் நகல் என்றே எனக்குப் படுகிறது. ஹாரி ஜேம்ஸ் குழுவுடன் ஃபிராங்க் சினாட்ரா 1939-இல் பாடியவையும் கிராஸ்பிக்கு முன் மெலிந்தே ஒலிக்கின்றன. இம்மூவரையும் எப்படி ஒரே வரிசையில் வைக்கிறீர்கள்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இசைத்தட்டுகளைக் கேட்டுவிட்டு எழுதியிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. ஆனால் நகல் என்ற சொல்லை என்னால் ஏற்க இயலவில்லை. 1925-இல் மின்முறை ஒலிப்பதிவு வரும்வரை, பாடகர் ஒரு கொம்புக்குள் உரத்துப் பாடினால்தான் குரல் தட்டில் பதியும். மைக்ரோபோன் வந்த பிறகே காதருகே பேசுவதுபோலப் பாட முடிந்தது. ஜீன் ஆஸ்டின் போன்றோர் தொடங்கிவைத்த அந்த வழியில்தான் கிராஸ்பியும் கொலம்போவும் வந்தார்கள். இருவருமே லாஸ் ஏஞ்சலிஸில் கஸ் ஆர்ன்ஹைமின் இசைக்குழுவில் இருந்தவர்கள் என்பதால், சாயல் ஒத்திருப்பதில் வியப்பில்லை.

இருவரும் 1931-இல் பதிவுசெய்த 'ஸ்வீட் அண்ட் லவ்லி'யை மீண்டும் கேட்டுப் பாருங்கள். அதற்குமுன் மறுபதிப்பின் தரத்தைக் கவனியுங்கள்: தட்டு சுழலும் வேகம் நூற்றுக்கு நான்கு பங்கு பிசகினாலே சுருதி அரைச் சுரத்தில் பாதிக்கும் மேல் நகர்ந்துவிடும், இரைச்சலை அளவுக்கு மீறி நீக்கிய பதிப்புகளில் குரலின் உயர் அதிர்வெண் ஒலிகளும் சேர்ந்தே போய்விடும். நல்ல பதிப்பில் கேட்டால், கிராஸ்பி ஒரு சொல்லின் நடுவே குரலை நொடிப்பொழுது மேலே தொட்டு இறக்குவதும், தாளத்துக்குச் சற்றுப் பிந்தி வந்து சேர்ந்துகொள்வதும் தெளிவாகத் தெரியும். பால் வைட்மன் குழுவில் ஜாஸ் கலைஞர்களோடு அவர் கழித்த ஆண்டுகள் தந்தது அது. கொலம்போவிடம் அந்த விளையாட்டு இல்லை. அவர் வயலின் கலைஞர். வில்லை மெல்ல இழுப்பதுபோல ஒவ்வொரு சுரத்தையும் நீட்டி, அடுத்ததோடு இழைத்துவிடுகிறார். எனக்கு அந்த இழைவு மிகவும் பிடிக்கும்.

சினாட்ராவுக்கு நீங்கள் வைத்த அளவுகோல் நியாயமானதல்ல. 1939-இல் முதல் தட்டுகளைப் பதிவுசெய்தபோது அவருக்கு வயது 23. நீங்கள் கேட்ட கிராஸ்பிக்கோ 28. முதல் பதிவுக்குப் பின் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளைக் கடந்தவர். இளம் சினாட்ராவின் அருகே வைக்க வேண்டியது 1926, 1927-ஆம் ஆண்டுகளின் கிராஸ்பியைத்தான். மேலும், சினாட்ரா 1939 ஆகஸ்டில் பாடிய 'ஆல் ஆர் நத்திங் அட் ஆல்' வெளிவந்தபோது பெரிதாக விற்கவில்லை. இசைக்கலைஞர்களின் வேலைநிறுத்தத்தால் புதிய பதிவுகள் அரிதாகிப்போன 1943-இல் அதே பதிவை மீண்டும் வெளியிட்டபோது பெருவெற்றி பெற்றது. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் மாறியது கேட்டவர்களின் காது.

கொலம்போவுக்கு அப்படியொரு காத்திருப்புக்கே இடமில்லாமல் போயிற்று. 1934 செப்டம்பரில், நண்பர் ஒருவரின் வீட்டில் பழைய துப்பாக்கி தற்செயலாக வெடித்ததில் 26 வயதிலேயே இறந்தார். கிராஸ்பி 1977 வரை வாழ்ந்து பாடினார். முப்பது வயதுக் கொலம்போ எப்படிப் பாடியிருப்பார் என்பதைக் கேட்க நம்மிடம் ஒரு தட்டுகூட இல்லை.