கணினி கேள்வி-பதில்: நியூஸ்குரூப்பை ஃபோல்டராகத் திறக்கலாமா?

கேள்வி: சார், தண்டையார்பேட்டையில் நாலைந்து பேர் சேர்ந்து சின்னதாக ஒரு படிப்பகம் நடத்துகிறோம். பழைய லினக்ஸ் கம்ப்யூட்டர் ஒன்றுதான் சர்வர். பெருமழை வந்தால் நெட் போய்விடும், உள்ளே வைஃபை மட்டும் ஓடும். யூஸ்நெட் நியூஸ்குரூப்களை (பல சர்வர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் பழைய விவாதக் குழுக்கள்) ஃபோல்டர், ஃபைலாகக் காட்டி, ஒருமுறை இறக்கியதைச் சேமித்து வைக்கிற ஃபைல் சர்வர் ஒன்றை எழுத ஆசை. எப்படி அமைப்பது? யூஸ்நெட் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று கிண்டல் வேறு செய்கிறார்கள்.
- ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: இருக்கிறது, இருக்கிறது. 2024 பிப்ரவரியில் கூகுள் குரூப்ஸ்தான் யூஸ்நெட்டை விட்டுப் போனது, அந்த வழியாக வந்த விளம்பரக் குப்பையும் கூடவே போனது, நல்லதுதான். உங்கள் யோசனையும் புதிதல்ல. பெல் லேப்ஸின் பிளான் 9 இயங்குதளத்தில் என்என்டிபிஎஃப்எஸ் என்று ஒன்று இதையேதான் செய்தது. லினக்ஸில் ஃபியூஸ் இருக்கிறது (கர்னலைத் தொடாமல் சாதாரண புரோகிராமாகவே ஃபைல் சிஸ்டம் எழுத உதவுவது), அதை வைத்து எழுதலாம். படிக்க மட்டும்தான் வேண்டுமென்றால் லீஃப்நோட் என்கிற சின்ன நியூஸ் சர்வரைப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள், சின்ன இடங்களுக்காகவே செய்தது அது.

சரி, எழுதியே தீருவேன் என்றால் முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். குரூப்பில் வெளியான கட்டுரை, அதாவது பதிவு, மாறாது, மாறுவது பட்டியல்தான். அதனால் கட்டுரையை மெசேஜ்-ஐடி (ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய தனி அடையாளம்) பெயரில் சேமியுங்கள், கட்டுரை எண்ணை நம்பிச் சேமிக்காதீர்கள். எண் என்பது அந்தந்த சர்வர், அந்தந்த குரூப்புக்குள் மட்டும் செல்லும், நாளைக்கு வேறு சர்வருக்கு மாறினால் எல்லாம் குழம்பிவிடும். மெசேஜ்-ஐடி உலகம் முழுக்க ஒன்றே. ஒரே கட்டுரை மூன்று குரூப்பில் வந்திருந்தாலும் வட்டில் ஒரு பிரதிதான் இருக்கும். எண்ணிலிருந்து ஐடிக்குப் போக ஒரு சின்ன அட்டவணை தனியாக வையுங்கள். யூஸ்நெட் சர்வரோடு பேசும் நெறிமுறையான என்என்டிபியில் குரூப் கட்டளை தருகிற குறைந்த எண், அதிக எண் இரண்டையும் சில நிமிடத்துக்கு மேல் நம்பாதீர்கள். அதிக எண் திடீரென்று குறைந்திருந்தால் அட்டவணையைத் தூக்கிப் போடுங்கள், கட்டுரைகளைத் தொடாதீர்கள்.

எல்லாரும் மாட்டுகிற இடம் வேறு. ஃபோல்டரைத் திறந்ததும் எல்லாக் கட்டுரையையும் இறக்க ஆரம்பித்தால் உங்கள் நெட் தாங்காது. பட்டியலுக்கு ஓவர் கட்டளையே போதும், தலைப்பு, எழுதியவர், தேதி, ஐடி, அளவு எல்லாம் ஒரே வரியில் வந்துவிடும். ஆனால் அந்த அளவு துல்லியமாக இருக்கும் என்று உத்தரவாதம் கிடையாது, அது குறைவாக இருந்து, அதையே ஃபைல் அளவாகக் காட்டினால் பாதியில் வெட்டுப்பட்ட கட்டுரைதான் படிக்கக் கிடைக்கும். ஃபியூஸில் டைரக்ட் ஐஓ (சொன்ன அளவைப் பார்க்காமல் ஃபைல் முடியும்வரை படிக்க விடும் வசதி) வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. அப்புறம், யாராவது மேல் ஃபோல்டரில் நின்றுகொண்டு கிரெப் (எல்லா ஃபைலுக்குள்ளும் சொல் தேடும் கட்டளை) அடித்தால் மொத்த குரூப்பும் இறங்கும். ஒரே நேரத்தில் இத்தனைதான் என்று ஒரு வரம்பு வையுங்கள்.

"இல்லை" என்ற பதிலையும் சேமிக்கலாம். ஆனால் சர்வரே 423 (அந்த எண்ணில் கட்டுரை இல்லை) அல்லது 430 (அந்த ஐடியில் கட்டுரை இல்லை) என்று சொன்னால்தான் இல்லை. மழையில் லைன் போனதை இல்லை என்று எழுதிவைத்தால் அந்தக் கட்டுரை உங்களுக்கு எப்போதும் கிடைக்காது.

வந்த பைட்டுகளை அப்படியே வையுங்கள், யூனிகோடுக்கு மாற்றுவதெல்லாம் காட்டும்போது. திஸ்கியில் (யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துக் குறியீட்டு முறை) ஒரு பழைய கட்டுரை வந்து, அதை நீங்கள் தப்பாக மாற்றிச் சேமித்துவிட்டால் திரும்ப எடுக்க வழியில்லை. வரி புள்ளியில் தொடங்கினால் என்என்டிபி இன்னொரு புள்ளி சேர்த்து அனுப்பும், அதை மட்டும் எடுத்துவிடுங்கள்.

பதிவு அனுப்பவும் வசதி வைப்பதென்றால், நெட் இல்லாதபோது வரிசையில் போட்டு வையுங்கள், மெசேஜ்-ஐடியை நீங்களே கொடுத்துவிடுங்கள். அனுப்பும்போது லைன் அறுந்து, பதிவு போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று தெரியாமல் மறுபடி அனுப்பினாலும் அதே ஐடி என்பதால் இரண்டாவதைச் சர்வர் தள்ளிவிடும்.