பழைய மண்ணெண்ணெய் ட்ரக்டருக்கு எதற்கு இரண்டு தாங்கி?

படுவான்கரையில் உங்கள் வளவில் நிற்கும் பழைய பேர்குசன் டிஈடி20-க்குப் பெற்றோல் தாங்கி தனியாக ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் சரியாக ஆவியாகாது. அதனால் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, நன்றாகச் சூடேறிய பிறகுதான் மண்ணெண்ணெய்க்குத் திருப்ப வேண்டும். புகை வெளியேறும் குழாயின் சூடுதான் அதை ஆவியாக்குகிறது.

அப்புறம், நிறுத்தச் சில நிமிடம் இருக்கும்போதே பெற்றோலுக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் காபரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கி, மறுநாள் காலையில் லேசில் ஸ்டார்ட் ஆகாது.

வயல் வரம்பில் ட்ரக்டரை நிறுத்தி, எஞ்சினைச் சும்மா ஓடவிட்டுப் பேசிக்கொண்டு நிற்பதைக் கண்டால் எனக்கு மனம் பதைக்கும். அப்படி எஞ்சின் சூடு இறங்கினால் எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவர் வழியே வடிந்து எஞ்சின் ஓயிலை நீர்க்கச் செய்யும். அளவுக் கம்பியை இழுத்துப் பாருங்கள்: ஓயில் குறியைத் தாண்டி ஏறி, மண்ணெண்ணெய் மணமும் அடித்தால் உடனே ஓயிலை மாற்றுங்கள்.