கட்டுப்புல்லில் கலந்த மஞ்சள் பூச்செடி

கேள்வி: ஆக்கரப்பத்தனைப் பக்கம் தோட்ட லயத்தில் (தொழிலாளர் வரிசைவீட்டில்) இரண்டு கறவை மாடு வளர்க்கிறோம். கானோரம் (வடிகால் ஓரம்) அறுத்த புல்லைப் போட்ட மறுநாள் ஒரு மாட்டுக்கு எச்சில் ஒழுகுகிறது, வாய்க்குள் கொப்புளம், கழிச்சலும் உண்டு. புல்லில் சின்ன மஞ்சள் பூச்செடி நிறையக் கிடந்தது. அதனாலா?

பதில்: முதலில் மாட்டின் காலைத் தூக்கிப் பாருங்கள். குளம்பிடுக்கிலும் கொப்புளம் இருந்து, காய்ச்சலும் இருந்தால் அது கால்-வாய் நோயாக இருக்கலாம். லயத்து மாடுகள் எல்லாவற்றுக்கும் பரவிவிடும். தனியே கட்டி, அன்றைக்கே கால்நடை வைத்தியருக்குச் சொல்லுங்கள்.

குளம்பு சுத்தமாக இருந்து, காய்ச்சலும் இல்லை என்றால் செடியைச் சந்தேகிக்கலாம். சேற்றில் வளர்கிறது, தண்டின் உள்ளே வெற்றாக இருக்கிறது, ஐந்து இதழ் மஞ்சள் பூ, நடுவில் நீண்டு திரளும் பச்சைக் காய்க்கொத்து என்றால் அது பட்டர்கப் குடும்பத்து ரனன்குலஸ் செலரேட்டஸ். அந்தக் குடும்பத்திலேயே மிகக் காரமானவற்றில் ஒன்று. இலை நசுங்கியதும் புரோட்டோஅனிமோனின் என்ற நஞ்சு உண்டாகி, வாயையும் குடலையும் புண்ணாக்கும்.

மேயவிட்ட மாடு இதை வாயில் வைத்ததும் ஒதுக்கிவிடும். நீங்கள் அறுத்து, நறுக்கி, தொட்டியில் போடுகிறீர்கள். கட்டிப்போட்ட மாடு எதைப் பொறுக்கி ஒதுக்கும்? பசியில் எல்லாம் உள்ளே போய்விடுகிறது. அதனால் புல்லுக்கட்டை அவிழ்த்ததும் மஞ்சள் பூவையும் அந்த இலையையும் கையால் பொறுக்கி எறியுங்கள். நன்றாகக் காய்ந்த செடியில் நஞ்சு அடங்கிவிடும், உண்மைதான். ஆனால் உங்கள் பக்கத்து மூடுபனியில் புல் எப்போது முழுசாகக் காயும்? அதை நம்ப வேண்டாம்.

இதற்கென்று தனி மாற்றுமருந்து கிடையாது. அந்தப் புல்லை நிறுத்தி, வேறு இடத்து இளம்புல்லும் நிறையத் தண்ணீரும் கொடுங்கள். கழிச்சலில் இரத்தம் கண்டாலோ மாடு தின்னாமல் படுத்தாலோ தாமதிக்காமல் வைத்தியரை அழையுங்கள். நஞ்சு பாலிலும் இறங்கும். மாடு தேறும்வரை அந்தப் பாலைப் பிள்ளைகளுக்கும் கன்றுக்கும் கொடுக்காதீர்கள்.

அப்புறம் கானில் வளரும் செடி. இது விதையில் முளைத்து, பூத்து, காய்த்துச் சாகும் செடி. காய் திரளும் முன்னே பிடுங்கினால் அடுத்த தலைமுறை குறையும். ஈரச் சேற்றில் வேரோடு சுலபமாக வரும். சாறு பட்டால் உங்கள் கையும் கொப்புளிக்கும், உறை போட்டுக்கொள்ளுங்கள். பிடுங்கியதைத் தண்ணீரில் வீசாதீர்கள். விதை மிதந்து கீழ்லயத்துக் கானிலும் முளைக்கும். மண்ணில் பழைய விதை கிடக்கும், ஆகவே அடுத்தடுத்த வருடங்களிலும் பார்த்துப் பிடுங்க வேண்டிவரும். களைக்கொல்லி மட்டும் அடிக்காதீர்கள். அந்தத் தண்ணீர் கீழே உள்ளவர்களுக்குப் போகிறது, அந்தப் புல்லும் மறுபடி உங்கள் மாட்டுத் தொட்டிக்குத்தான் வருகிறது.