கேளுங்க சொல்றோம்: மருத்துவ கஞ்சாவும் அமெரிக்க வேட்பாளர்களும்

கேள்வி: எந்த வேட்பாளரை கேட்டாலும் "மருத்துவ கஞ்சாவுக்கு நான் எதிரி இல்ல, அந்தந்த மாநிலமே முடிவு பண்ணிக்கட்டும்"னு ஒரே பாட்டு. அப்ப யாருக்கு ஓட்டு போட்டா என்ன சார், எல்லாம் ஒண்ணுதானே? (வாசகர், நியூ ஜெர்சி)

பாட்டு ஒண்ணுதான், ஆனா பாடினவங்க ஜெயிச்ச பிறகு என்ன பண்ணாங்கன்னு பாத்தா கொஞ்சம் பகீர்னு இருக்கும். 1999ல ஜார்ஜ் புஷ் (மகன் புஷ்) டெக்சாஸ் கவர்னரா இருந்துகிட்டே ஜனாதிபதி பதவிக்கு நிக்கும்போது இதே வார்த்தையைத்தான் சொன்னார், மாநிலங்கள் இஷ்டப்படி முடிவு பண்ணலாம்னு. கலிஃபோர்னியா அதுக்கு மூணு வருஷம் முன்னாடியே, 1996ல, ஓட்டு போட்டு மருத்துவ கஞ்சாவை சட்டமாக்கியாச்சு. ஃபெடரல் (மத்திய அரசு) சட்டத்துல தடை இருந்தாலும், சரி, நம்மள விட்டுடுவாங்கன்னு அங்க நம்பினாங்க.

2002 செப்டம்பர்ல சாண்டா க்ரூஸ் பக்கத்துல நோயாளிங்களே சேர்ந்து வளர்த்த ஒரு தோட்டத்துல விடியகாலைல டிஇஏ (ஃபெடரல் போதைத்தடுப்பு போலீஸ்) ரெய்டு. அங்க தங்கியிருந்த போலியோ வந்த ஒரு அம்மா பிறகு சொன்னாங்க, கண்ணு முழிச்சு பாத்தா தலைக்கு மேல துப்பாக்கி, எழுந்திருன்னு கத்துறாங்க, "என்னால எழுந்திருக்க முடியாதுப்பா"ன்னு இவங்க சொல்லிட்டு இருக்காங்க. செடி எல்லாத்தையும் வெட்டி எடுத்துட்டு போயிட்டாங்க. ஊர்க்காரங்களுக்கு வந்த கோபத்துல ரெண்டு வாரம் கழிச்சு சிட்டி ஹால் வாசல்லயே, கவுன்சில் உறுப்பினர்கள் பக்கத்துல நிக்க, நோயாளிங்களுக்கு கஞ்சா வழங்கினாங்க. நகராட்சி வாசல்ல கஞ்சா விநியோகம், யோசிச்சு பாருங்க!

சரி அவர் ரிபப்ளிகன், அப்படித்தான் இருப்பார்னு சொல்லுவீங்க. 2008ல ஒபாமா என்ன சொன்னார்? மாநில சட்டத்தை மீறி குறுக்க போறதுக்கு நீதித்துறை (கோர்ட் இல்லீங்க, டிஇஏவும் அரசு வக்கீல்களும் இருக்கற அமைச்சகம்) ஆளையும் காசையும் செலவு பண்ண மாட்டேன்னார். 2009 அக்டோபர்ல அந்த மாதிரியே ஒரு சுற்றறிக்கையும் வந்தது. ரெண்டே வருஷம்தான், 2011லயும் 2012லயும் கலிஃபோர்னியா டிஸ்பென்சரிகள் (மருத்துவ கஞ்சா விக்கற கடைங்க) மேல திரும்பவும் ரெய்டு, கட்டடத்தை வாடகைக்கு விட்ட ஓனர்களுக்கு "இடத்தையே பறிமுதல் பண்ணுவோம்"னு லெட்டர். வாக்குறுதி குடுத்தவர் ஒருத்தர், ரெய்டுக்கு போறவர் வேற ஒருத்தர், நடுவுல சுற்றறிக்கைன்னு ஒரு காகிதம், அதை யார் வேணா கிழிக்கலாம். 2013ல வந்த இன்னொரு சுற்றறிக்கையை 2018 ஜனவரில ட்ரம்ப்போட அட்டர்னி ஜெனரல் (நீதித்துறைக்கு தலைவர்) ஜெஃப் செஷன்ஸ் ஒரே நாள்ல ரத்து பண்ணார், அதுவும் "மருத்துவ கஞ்சாவுக்கு நூத்துக்கு நூறு ஆதரவு"ன்னு 2016ல பிரச்சாரம் பண்ணவர் ஜனாதிபதியா உக்காந்திருக்கும்போதே.

அப்ப நோயாளிங்களுக்கு கவசமா இருந்தது எதுன்னா, யாரும் மேடைல பேசாத ஒரு விஷயம். காங்கிரஸ் (கட்சி இல்லீங்க, அவங்க பாராளுமன்றம்) வருஷா வருஷம் பாஸ் பண்ற செலவு மசோதாவுல ஒரு சின்ன பத்தி: மாநிலங்கள் தங்களோட மருத்துவ கஞ்சா சட்டத்தை நடத்துறதை தடுக்க நீதித்துறை ஒரு பைசா செலவு பண்ணக்கூடாது. கலிஃபோர்னியா ரிபப்ளிகன் ரோராபாக்கர் பேர்ல அதை சொல்லுவாங்க. பத்து வருஷத்துக்கு மேல தோத்துகிட்டே இருந்துட்டு 2014 மே மாசம் கீழ்சபைல 219க்கு 189ன்னு ஜெயிச்சது, அந்த டிசம்பர்ல சட்டமாச்சு. 2016ல ஒரு ஃபெடரல் அப்பீல் கோர்ட்டும், மாநில சட்டத்தை ஒழுங்கா மதிச்சு நடக்கறவங்க மேல அந்த காசுல கேஸ் நடத்த முடியாதுன்னு சொல்லிடுச்சு. 2017ல செஷன்ஸ் காங்கிரஸ் தலைவர்களுக்கு லெட்டரே எழுதினார், அந்த பத்தியை எடுத்துடுங்கன்னு. அவங்க எடுக்கல. மறுவருஷம் சுற்றறிக்கையை கிழிச்சவரால இதை கிழிக்க முடியல பாருங்க.

அதனால ஜனாதிபதி வேட்பாளர் என்ன பாடறார்ங்கறதை பாதி காதுல கேளுங்க. உங்க தொகுதி காங்கிரஸ் வேட்பாளர் அந்த பத்திக்கு எப்படி ஓட்டு போடுவார்னு கேளுங்க. அது நிரந்தரம் கிடையாது, ஒவ்வொரு தடவையும் புதுசா சேர்க்கணும், ஒரு வருஷம் விட்டுப்போச்சுன்னா கவசம் போச்சு.

கேள்வி: 2024 தேர்தல்ல "ஷெட்யூல் 3க்கு மாத்தறோம்"னு பேசினாங்களே, அப்படி மாத்தினா டாக்டர் சீட்டு எழுதி மருந்துக்கடைல வாங்கிக்கலாமா? (வாசகி, ஆஸ்டின்)

இல்லம்மா. இதுலதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. 1970ல போதைப்பொருள் சட்டம் போட்டப்ப கஞ்சாவை ஹெராயினோட சேர்த்து முதல் பட்டியல்ல (ஷெட்யூல் 1) வெச்சாங்க, "மருத்துவ உபயோகமே இல்ல"ங்கற பட்டியல் அது. மூணாவது பட்டியலுக்கு இறங்கினா "உபயோகம் உண்டு"ன்னு ஒத்துக்கிட்டதா ஆகும், ஆராய்ச்சி பண்றவங்களுக்கு தலைவலி குறையும். ஆனா மருந்துக்கடைக்கு வரணும்னா எஃப்டிஏ (மருந்துக்கு அனுமதி குடுக்கற ஃபெடரல் அமைப்பு) ஒவ்வொரு மருந்தா பாத்து ஓகே பண்ணணும், அது வேற கதை.

பெரிய லாபம் யாருக்குன்னு கேட்டீங்கன்னா வியாபாரத்துக்கு. 1981ல ஒரு போதை வியாபாரி வரி கோர்ட்டுக்கு போய் எடை மெஷின், ஃபோன் பில், வீட்டு வாடகைல ஒரு பங்கு எல்லாத்தையும் தொழில் செலவா கழிச்சுக்கறேன்னு வாதாடி ஜெயிச்சுட்டார். (சிரிக்காதீங்க, நெஜம்.) கடுப்பான காங்கிரஸ் 1982ல 280இ-ன்னு ஒரு பிரிவு கொண்டு வந்தது: ஒண்ணாம் ரெண்டாம் பட்டியல் சரக்கு விக்கறவங்க அந்த மாதிரி செலவை கழிக்க முடியாது. மாநில லைசென்ஸ் வாங்கி ஒழுங்கா கடை நடத்தறவங்களும் இதுல மாட்டிக்கிட்டாங்க, சம்பளம் வாடகை எதையும் கழிக்க முடியாம வரி கட்டிட்டு வந்தாங்க.

இப்ப வேட்பாளர்களை பாருங்க. ஹிலரி 2015ல சொன்னது ரெண்டாம் பட்டியல், 2020ல பைடன் சொன்னதும் அதுதான். ரெண்டுல வெச்சா 280இ அப்படியே இருக்கும், கடைக்காரருக்கு ஒரு மாத்தமும் இல்ல. ஹிலரியோட போட்டி போட்ட சாண்டர்ஸ் 2015லயே பட்டியலை விட்டே தூக்கிடணும்னு மசோதா போட்டார். 2022ல பைடன் திரும்ப பரிசீலிக்க சொன்ன பிறகு சுகாதாரத்துறை 2023ல மூணுன்னு சொன்னது, 2024 மே மாசம் அரசாங்கம் அதையே முன்மொழிஞ்சது, அந்த செப்டம்பர்ல ட்ரம்ப்பும் மூணுக்கு சரின்னுட்டார், அக்டோபர்ல கமலா ஹாரிஸ் ஃபெடரல் அளவுலயே சட்டமாக்கறேன்னார். ஒண்ணு, ரெண்டு, மூணு, வெளிய... கேக்க எல்லாம் "ஆதரவு"தான், அந்த நம்பர்லதான் விஷயமே இருக்கு.

கேள்வி: இவங்கள்ல யாராவது அடிச்சேன்னு ஒத்துக்கிட்டிருக்காங்களா? (கல்லூரி மாணவர், அட்லாண்டா)

தம்பிக்கு இதுதான் முக்கியமான கேள்வி! 1992ல கிளிண்டன் இழுத்தேன் ஆனா உள்ள வாங்கலன்னார். ஒபாமா, உள்ள வாங்கத்தானேப்பா இழுக்கறதுன்னு அதை கலாய்ச்சார். 2015 விவாத மேடைல மகன் புஷ்ஷோட தம்பி ஜெப் புஷ் நாப்பது வருஷம் முன்னாடி அடிச்சேன், இதை இப்ப சொன்னதுல எங்கம்மாவுக்கு சந்தோஷம் இருக்காதுன்னார். மேல சொன்ன ரெய்டெல்லாம் நடந்தது மாணவப்பருவத்துல இழுத்த ஒபாமா ஆட்சிலயும்தாங்கறதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

கேள்வி: எங்க அம்மாவுக்கு கீமோ போயிட்டிருக்கு, சாப்பாடு உள்ள நிக்கல. டாக்டர் மாநில கஞ்சா கார்டு வாங்கிக்கலாம்னு சொல்றார். அம்மா கிரீன் கார்டு, சிட்டிசன்ஷிப்புக்கு அப்ளை பண்ணியிருக்காங்க. பயமா இருக்கு. எந்த வேட்பாளராவது இதை பேசறாங்களா? (வாசகி, சிகாகோ)

முதல்ல அம்மா சீக்கிரம் தேறி வரட்டும். உங்க பயம் நியாயமான பயம்தான், அவசரப்பட்டு கார்டு வாங்கிடாதீங்க. 2019 ஏப்ரல்ல குடியுரிமை அலுவலகம் வெளியிட்ட விதிப்படி மாநிலத்துல சட்டப்படி சரியா இருந்தாலும் கஞ்சா விஷயத்துல ஃபெடரல் சட்டத்தை மீறினா "நன்னடத்தை இல்ல"ன்னு விண்ணப்பத்தை நிராகரிக்கலாம். டாக்டர் குடுக்கறது மருந்துச்சீட்டும் கிடையாது, பரிந்துரை மட்டும்தான். அந்த பரிந்துரையை டாக்டர் வாயால சொல்றதுக்கே 2002ல கோர்ட்டுக்கு போய் உரிமை வாங்க வேண்டியிருந்தது. இன்டர்வியூல கேட்டா பொய்யும் சொல்லக்கூடாது, அது இன்னும் பெரிய வம்பு.

வேற வழி ஒண்ணு இருக்கு, டாக்டர்கிட்ட கேளுங்க. ட்ரோனாபினால்னு ஒரு மாத்திரை, கஞ்சால இருக்கற அதே டிஹெச்சி-யை லேப்ல செஞ்சது, கீமோ வாந்திக்குன்னே 1985ல எஃப்டிஏ அனுமதிச்சது, சீட்டோட மருந்துக்கடைல ஃபெடரல் சட்டப்படியே கிடைக்கும். எல்லாருக்கும் ஒத்துக்கறதில்லங்கறதும் உண்மைதான், வாந்தி வர்றவங்களுக்கு மாத்திரையை முழுங்க சொல்றதே ஒரு கொடுமை. எதுக்கும் கார்டு பக்கம் போறதுக்கு முன்னாடி ஒரு இமிக்ரேஷன் வக்கீலை பாத்துடுங்க.

வேட்பாளர்களா? உங்கம்மாவுக்கு இன்னும் ஓட்டு கிடையாதேம்மா. ஓட்டு இல்லாதவங்க பிரச்சனைக்கு மேடைல மைக் பிடிக்கறவங்க ரொம்ப கம்மி.

கேள்வி: சட்டம் பாஸ் ஆயிட்டா கவர்னர் யாரா இருந்தா என்ன? (வாசகர், டாம்பா)

ஐயா, நியூ ஜெர்சில கவர்னர் கோர்சைன் மருத்துவ கஞ்சா சட்டத்துல கையெழுத்து போட்டது 2010 ஜனவரி 18, பதவியோட கடைசி நேரத்துல. மறுநாள் கிறிஸ் கிறிஸ்டி பதவி ஏத்துக்கிட்டார், அவருக்கு இதுல துளியும் இஷ்டமில்ல. முதல் கடை திறந்தது 2012 டிசம்பர்! கிட்டத்தட்ட மூணு வருஷம், சட்டம் புஸ்தகத்துல, நோயாளி படுக்கைல.

உங்க ஃப்ளோரிடா கதை இன்னும் வேடிக்கை. அங்க மக்கள் ஓட்டுல ஒரு திருத்தம் ஜெயிக்க 60 சதவீதம் வேணும். 2014ல 57க்கு மேல வந்தும் தோத்தது, 2016ல 71 வந்து ஜெயிச்சது. உடனே சட்டசபை, சரி ஆனா புகைக்கக்கூடாதுன்னு ஒரு கொக்கி போட்டது. அந்த கொக்கியை 2019ல எடுக்க வெச்சவர் யாருன்னா ரிபப்ளிகன் கவர்னர் டிசாண்டிஸ். அதே டிசாண்டிஸ்தான் 2024ல பொதுவா கஞ்சாவை அனுமதிக்கற திருத்தத்தை மூச்சு வாங்க எதிர்த்தார், அது 56 சதவீதம் வாங்கியும் தோத்தது. கட்சியை வெச்சு ஆளை எடை போடறது இந்த விஷயத்துல சரிப்படாது.

கேள்வி: எங்க ஊர்ல வேட்பாளர் டவுன் ஹால் கூட்டம் (மக்கள் நேர்ல கேள்வி கேக்கறது) வெச்சிருக்கார். என்னன்னு கேட்டா நழுவ முடியாது? (வாசகி, மான்செஸ்டர், நியூ ஹாம்ப்ஷயர்)

உங்க ஊர்ப்பக்கம்தான் இதுக்கு பேர் போனது. 2007ல அங்க ஒரு சின்ன வயசு பையன், தசைச்சிதைவு நோய், வீல்சேர்ல உக்காந்துகிட்டு ஜனாதிபதி பதவிக்கு நின்ன மிட் ராம்னிகிட்ட தன் நிலைமையை சொன்னான். ராம்னி செயற்கை மாத்திரை இருக்கேன்னார், அது எனக்கு ஒத்துக்கலன்னான். அப்ப கேட்டான், "நீங்க வந்தா என்னையும் என் டாக்டரையும் அரெஸ்ட் பண்ணுவீங்களா?" ராம்னி, மருத்துவ கஞ்சாவை சட்டமாக்கறதுல எனக்கு சம்மதமில்லன்னுட்டு பக்கத்துல நின்னவருக்கு கை குடுக்க திரும்பிட்டார். கேமரா ஓடிகிட்டே இருந்தது, நாடே பாத்தது.

"உங்க நிலைப்பாடு என்ன"ன்னு கேக்காதீங்க, பத்து நிமிஷம் பேசி உங்களை தூங்க வெச்சுடுவாங்க. "அடுத்த செலவு மசோதாவுல அந்த மருத்துவ கஞ்சா பத்தியை எடுக்க ஒரு திருத்தம் வந்தா நீங்க ஆமாவா இல்லையா"ன்னு கேளுங்க. முடிஞ்சா ஃபோன்ல ரெக்கார்ட் ஆன் பண்ணிட்டு கேளுங்க, பக்கத்துல இருக்கறவங்ககிட்ட "அவர் கை குடுக்க வந்தா உடனே குடுத்துடாதீங்க"ன்னும் சொல்லி வைங்க.